செகண்ட் ஹேண்ட் எய்ச்சர், அடுத்த மாதம் எஃப்.சி.: கதவிலும் பாடியிலும் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

நூல்லோடு_திருப்பூர்:

வணக்கம் அண்ணா எல்லாருக்கும். கரூரில் ஒருத்தரிடம் 14 அடி எய்ச்சர் லாரி ஒன்று வாங்கியிருக்கிறேன். 2016 மாடல். பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) என் பெயருக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிகிறது. பிரேக், டயர், லைட் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது எனக்குச் சந்தேகமெல்லாம் எழுத்து விஷயத்தில்தான்.

இடது பக்கக் கதவில் இன்னும் பழைய ஓனர் பெயரும் கரூர் விலாசமும் இருக்கின்றன. அதற்குக் கீழே எடைக் கணக்கு எழுதியிருந்தது பாதி உரிந்து போய், ‘பே லோடு 5000’ என்பது மட்டும் பளிச்சென்று நிற்கிறது. ஆர்.சி.யில் மொத்த எடை 7,490 கிலோ, காலி வண்டி 3,460 கிலோ. கழித்துப் பார்த்தால் 4,030தான் வருகிறது. அந்த 5000 எப்படி வந்ததென்று தெரியவில்லை. கேபின் நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ என்று இருக்கிறது. பின்பக்க நம்பர் பலகையில் எழுத்துக்குச் சிவப்பில் நிழல் விட்டு அலங்காரமாக எழுதியிருக்கிறார்கள்.

பக்கத்து ஸ்டிக்கர் கடையில் கேட்டால், “பேரு, போன் நம்பர், சாமி படம் போதும். மத்ததை யாரு பாக்கறாங்க” என்கிறார்கள். அப்பாவுக்கு முன்கண்ணாடி நெடுகக் குலதெய்வத்தின் பெயர் போட வேண்டும். எனக்கு நம்பரைத் தமிழ் எண்ணில் எழுத வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. இதிலெல்லாம் எது செல்லும், எது செல்லாது?

ஓட்டம் பாலக்காடு, திருச்சூர், கொச்சி. போகும்போது பனியன் பண்டல். திரும்பும்போது சாயப்பட்டறைகளுக்கு கேன் ஏற்றலாமென்று பேசி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பெராக்சைடு, சில நாள் காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்), அசிட்டிக் ஆசிட். நேஷனல் பர்மிட் போட்டாயிற்று.

கரூர்_பைபாஸ்:

தம்பி, முதலில் அந்த 5000-ஐ அழித்துவிடுங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்கு அப்புறம். ஆர்.சி.யில் 4,030 இருக்கும்போது கதவில் 5000 என்று எழுதி வைப்பது, ஓவர்லோடு ஏற்றுகிறேன் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அடிப்படை அபராதமே 20,000 ரூபாய். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 சேரும். அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். நடுரோட்டில் பண்டலை இறக்கி வைத்துவிட்டு வேறு வண்டி தேடுகிற அலைச்சல் இருக்கிறதே, அது அபராதத்தைவிடப் பெரியது.

ரேடியம் டேப் பழசாகியிருந்தால் முழுசாக உரித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. நிறம் மாறக்கூடாது. அங்கீகார முத்திரை அச்சடித்த டேப்தானா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் மினுமினு டேப் பகலில் ஒன்றுபோலத்தான் தெரியும். இரவில் லைட் பட்டால் திருப்பி அடிக்காது. எஃப்.சி.யில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

எழுத்தைப் பற்றி இங்கே சங்ககிரி அண்ணன் சொல்வார். அவர் வேலையே அதுதான்.

சங்ககிரி_லெட்டரிங்:

தம்பி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பாடி கட்டும் பட்டறைகளில் எழுத்து எழுதித்தான் என் பிழைப்பு. பிரஷ் காலத்தில் ஆரம்பித்து இப்போது கட்டிங் மெஷினும் வைத்திருக்கிறேன். வண்டி எழுத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஓனரின் ஆசைக்கு எழுதுவது. இன்னொன்று முன்பின் தெரியாதவர்களுக்காக எழுதுவது: பின்னால் வருகிற வண்டிக்காரர், செக்போஸ்ட்டில் நிற்பவர், விபத்து நடந்தால் ஓடி வருபவர். இரண்டாவதை முதலில் எழுதி முடித்துவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் எந்த வண்டிக்கும் அந்த வரிசையில்தான் எழுதுவேன்.

பெயிண்டரிடம் போகும்போது ஆர்.சி. நகலைக் கையில் கொண்டு போங்கள். கதவில் இருக்கிறதைப் பார்த்துப் புதுசு எழுதச் சொல்லாதீர்கள். பழைய தப்பு அப்படியே காப்பி ஆகிவிடும். இடது பக்கக் கதவில் உங்கள் பெயர், ஆர்.சி.யில் உள்ள அதே விலாசம், காலி எடை 3,460, மொத்த எடை 7,490, பே லோடு 4,030. ஆர்.சி.யில் ஆக்ஸில் எடை தனித்தனியாக இருந்தால் அதையும் முன், பின் என்று பிரித்து எழுதிவிடுங்கள். எஃப்.சி. தேதி, பர்மிட் தேதி எழுதும் இடத்தை மட்டும் சின்னக் கட்டமாக விட்டு, மாற்றி ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கராகப் போடுங்கள். உங்கள் வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் இனி வருடா வருடம் எஃப்.சி. உண்டு. ஒவ்வொரு வருடமும் கதவைச் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது.

ஏன் இடது பக்கம் என்று பலர் கேட்பார்கள். நம் ஊரில் வண்டியை ஓரங்கட்டினால் இடது பக்கம்தான் மண்ணைப் பார்த்து நிற்கும். சோதிக்க வருகிறவர் போக்குவரத்துக்குள் நிற்காமல் அந்த ஓரத்தில் நின்றே படித்துவிடலாம்.

பழைய எழுத்தின் மேலேயே பெயிண்ட் அடித்துப் புது எழுத்து எழுதச் சம்மதிக்காதீர்கள். எனாமல் எழுத்துக்கு ஒரு தடிமன் உண்டு. மேலே எத்தனை கோட் அடித்தாலும் வெயில் சாய்வாக விழும்போது பழைய ஓனர் பெயர் புடைப்பாகத் தெரியும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்கப்புறம்தான் கலர்.

நம்பர் பலகைக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 50, 51 என்ற இரண்டு விதிகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். உங்கள் வண்டி அளவுக்கு முன்னும் பின்னும் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி 10. பலகை 340-க்கு 200. வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி என்பதால் மஞ்சளில் கறுப்பு. நிழலும் வேண்டாம், வளைவும் வேண்டாம், பலகைக்குள் வேறு படமோ பெயரோ வேண்டாம். அந்தச் சிவப்பு நிழல் பக்கத்தில் நின்று பார்த்தால் அழகுதான், நானே நிறைய நிழல் எழுத்து எழுதுகிறவன். ஆனால் கொஞ்சம் தள்ளிப் போனால் 3 எது 8 எது என்று தெரியாமல் கலங்கிவிடும். அடித்துவிட்டு ஓடிய வண்டியின் நம்பரை ஒருத்தர் ஒரு நொடியில் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பலகையை எழுத வேண்டும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்குக் கம்பெனியே ஹாலோகிராம் போட்ட பலகை கொடுத்துவிடுகிறது. அதன் மேல் யாரும் பிரஷ் வைக்கக்கூடாது.

தமிழ் எண் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பதிவு எண்ணின் எழுத்து ஆங்கிலத்திலும் எண் 1, 2, 3 என்ற வழக்கமான எண்ணிலும்தான் இருக்க வேண்டும் என்று விதி நேராகவே சொல்கிறது. அதுவும் நீங்கள் கேரளாவுக்குள் ஓட்டப் போகிறீர்கள். பலகையை விட்டுவிடுங்கள். உங்கள் தொழிலின் பெயரைப் பாடியின் இரண்டு பக்கமும் தமிழில் ஓர் அடி உயரத்துக்கு எழுதுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? தமிழ் எழுத்துக்கு லாரி பாடி போல நல்ல இடம் கிடைக்காது. ‘ழ’வும் ‘ஞ’வும் பெரிசாக எழுதும்போது வரும் வடிவம் வேறு எதிலும் வராது. பாடியின் இரு பக்கமும் பதிவு எண் வர வேண்டிய இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு எழுதுங்கள், அவ்வளவுதான்.

நம்பர் பலகையைச் சுத்தமாக எழுதிவிட்டு அதன் மேலிருக்கும் சின்ன வெள்ளை பல்பை மறந்துவிடுகிறார்கள். இரவில் பின்னாலிருந்து 15 மீட்டர் தூரத்தில் நம்பர் படிக்கத் தெரிய வேண்டும். பல்பு எரிகிறதா, பின்கதவைத் தொங்கவிட்டால் பலகை மறைகிறதா என்று பாருங்கள்.

‘பப்ளிக் கேரியர்’ என்பது 1939-ஆம் வருடச் சட்டத்தின் மிச்சம். அப்போது ஊருக்கு வாடகை ஓட்டும் லாரிக்குப் பப்ளிக் கேரியர் பர்மிட், தன் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் லாரிக்குப் பிரைவேட் கேரியர் பர்மிட் என்று இரண்டு இருந்தன. 1988-ஆம் வருடச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவினை போய்விட்டது, இப்போது எல்லாம் சரக்கு வண்டி பர்மிட்தான். எழுதும் பழக்கம் மட்டும் பட்டறைகளில் நின்றுவிட்டது. இருந்தால் குற்றமில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை. அந்த நெற்றி இடத்தில் ‘நேஷனல் பர்மிட்’ என்று எழுதினால் உங்களுக்குப் பயன் உண்டு. பின்னாலும் ‘என்.பி.’ எழுதிவிடுங்கள். முன்பு விதி 90-ல் நேஷனல் பர்மிட் லாரிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறம், 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைக் கரை, இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எழுத்து என்றெல்லாம் இருந்தது. பழைய லாரிகளில் அந்த வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆணியில் நூல் கட்டி சாக்பீஸால் வட்டம் போட்டுத்தான் எழுதுவோம்.

அப்பா ஆசைப்படும் குலதெய்வத்தின் பெயரைக் கண்ணாடியில் மட்டும் போடாதீர்கள். முன்கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும், பக்கக் கண்ணாடிக்கு 50. கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக்கூடாதென்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இதில் கெடுபிடி அதிகம். கண்ணாடிக்கு மேலே தகர நெற்றி இருக்கிறது. சாமி பெயருக்கு அதைவிட உயரமான இடம் வண்டியில் கிடையாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

இனி உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம் அதுதான். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதில்தான் ரொம்ப ஜாக்கிரதை தேவை. பெராக்சைடு, காஸ்டிக், ஆசிட் மூன்றும் ஆபத்தான சரக்குப் பட்டியலில் வருபவை. அவற்றை ஏற்றிய வண்டிக்கு அவசரத் தகவல் பலகை என்று ஒன்று கட்டாயம். விதி 134. வண்டியின் இரண்டு பக்கம், பின்பக்கம், ஆக மூன்று இடத்தில் அது இருக்க வேண்டும். சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயரத்தில். ஐ.நா. வகைப்பாட்டு எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில். வைர வடிவில் நிறுத்திய அபாயச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல். தீயோ விபத்தோ ஏற்பட்டால் கூப்பிட வேண்டிய அவசர உதவியின் பெயரும் எண்ணும் 50 மில்லிமீட்டரில். சரக்கு அனுப்பியவரோ, அந்தச் சரக்கைப் பற்றி விவரம் சொல்லத் தெரிந்தவரோ, அவருடைய பெயரும் போன் எண்ணும்.

இந்தப் பலகைக்கு வருகிறவர்கள் பலர், “சும்மா ‘கெமிக்கல்’னு எழுதுங்கண்ணே” என்பார்கள். நான் எழுத மாட்டேன். வண்டி ராத்திரியில் கவிழ்ந்து கிடக்கிறது, டிரைவர் மயக்கத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டியில் வருகிறவருக்கு உங்கள் ஏஜென்ட்டையும் தெரியாது, சாயப்பட்டறையையும் தெரியாது. தண்ணீர் அடிக்கலாமா, எவ்வளவு தூரத்தில் நிற்பது, கையில் என்ன போடுவது என்று அவர் முடிவெடுக்க, எதிரே இருக்கிற ஒரே தகவல் அந்தப் பலகைதான். 50 மில்லிமீட்டர் எழுத்தைச் சுத்தமாக எழுதினால் சுமார் 15 மீட்டர் தள்ளி நின்று படிக்கலாம். ‘கெமிக்கல்’ என்று ஓர் அடி உயரத்துக்கு எழுதினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

குடோன்_பாதுகாப்பு:

நான் சாய ரசாயனக் குடோன் ஒன்றில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். சங்ககிரி அண்ணன் சொன்னதோடு சரக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

சாயப்பட்டறைக்கு வரும் 50 சதவீதப் பெராக்சைடுக்கு ஐ.நா. எண் 2014, வகை 5.1, அதாவது மற்றதை எரியத் தூண்டும் சரக்கு. மஞ்சள் பின்னணியில் வட்டத்தின் மேல் சுடர் எரிகிற சின்னம். அதோடு தோலையும் அரிக்கும் என்பதால் வகை 8 சின்னமும் துணைக்கு வரும். காஸ்டிக் லை 1824, கடுமையான அசிட்டிக் ஆசிட் 2789, இரண்டும் வகை 8. மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு, கையிலும் உலோகத்திலும் சொட்டுகிற படம். அசிட்டிக்குக் கூடவே தீப்பிடிக்கும் குணமும் உண்டு. இதெல்லாம் சரக்கு அனுப்புகிறவர் எழுத்தில் தர வேண்டிய விவரம். ட்ரெம் கார்டு (விபத்து நேர்ந்தால் என்ன செய்வதென்று சொல்லும் அட்டை) இல்லாமல் ஒரு கேன்கூட ஏற்றாதீர்கள். அந்தக் கார்டு டிரைவர் கை எட்டும் இடத்தில் கேபினில் இருக்க வேண்டும், உங்கள் ஆபீஸ் ஃபைலில் இருந்து பிரயோஜனமில்லை.

இன்னொன்று. நீங்கள் போகும்போது பனியன் ஏற்றுகிறீர்கள், வரும்போது பெராக்சைடு. பெராக்சைடு தானாக எரியாது. ஆனால் பஞ்சு, நூல், அட்டை, மரத்தூள் மாதிரி எரியக்கூடிய எதன் மேலும் கசிந்தால், அது காயும்போது தீப்பிடிக்கலாம். பண்டல் இறக்கிய பாடியில் மூலை முடுக்கெல்லாம் நூல் பிசிறு கிடக்கும். கேன் ஏற்றுமுன் பாடியைச் சுத்தமாகப் பெருக்கித் துடைத்துவிடுங்கள். மரப்பலகைத் தளமாக இருந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள். கசிந்தால் பழைய துணியோ மரத்தூளோ போட்டு ஒற்றுவதுதான் எல்லாரும் செய்வது. அதைச் செய்யக்கூடாது. நிறையத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதுதான் முறை.

மூன்றையும் ஒரே லோடில் கலந்து ஏற்றுவதும் கூடாது. காஸ்டிக் பட்டால் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து வாயுவும் சூடும் வெளியே வரும். அசிட்டிக்கும் காஸ்டிக்கும் கலந்தால் நன்றாகச் சூடேறும். பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப் போக ஒரு வழி வைத்திருப்பார்கள், அதனால் கேன் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். படுக்க வைக்கக்கூடாது.

பலகையில் பெயர் எழுதும்போது ‘பெராக்சைடு’ என்று பாதி எழுதி நிறுத்தாதீர்கள். ‘ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல்’ என்று முழுசாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். கேரளா வழியாக வருவதால் மலையாளத்திலும் ஒரு வரி இருந்தால் ரொம்ப நல்லது.

வாளையார்_நைட்:

இந்த ரூட்டில் கெமிக்கல் லோடு ஓட்டுகிறவன் நான். பலகை மட்டும் இருந்தால் போதாது தம்பி. டிரைவர் லைசென்ஸில் ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான தனிப் பதிவு இருக்க வேண்டும். அதற்கு 3 நாள் பயிற்சி உண்டு. சும்மா ஹெவி லைசென்ஸ் இருக்கிறது என்று ஏறிவிட முடியாது. சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறி தடுப்பான்), முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், கையுறை, கண்ணாடி இதெல்லாம் வண்டியில் இருக்கிறதா என்று கேட்பார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னரையும் கவனியுங்கள். சாதாரணச் சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டரில் வைத்திருப்பார்கள், ஆபத்தான சரக்கு என்றால் 60. உங்கள் பாடியின் பின்னால் ‘80’ என்று எழுதியிருந்தால் அதுவும் மாற வேண்டியதுதான்.

ஆபத்தான சரக்கு விதியை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். நம்பர் பலகைக்கு 500 கட்டிவிட்டுப் போகிற மாதிரி இல்லை இது.

ஒரு தடவை மழையில் எனக்கு முன்னால் போன வண்டியிலிருந்து நுரை மாதிரி ஏதோ ஒழுகிக்கொண்டே போனது. தார்ப்பாய் தொங்கி எல்லாப் பக்கமும் மூடியிருந்ததால் என்ன சரக்கு என்று எதுவும் தெரியவில்லை. ஹாரன் அடித்து நிறுத்தி, அந்த டிரைவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. “கேனு ஏத்துனாங்க” என்கிறார். நாங்கள் இருவரும் தள்ளி நின்று, பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, அது காஸ்டிக் என்று தெரிந்த பிறகுதான் பக்கத்தில் போனோம். பலகையைத் தார்ப்பாய் மறைக்காத இடத்தில் வையுங்கள். இதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதினேன்.

நூல்லோடு_திருப்பூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. கேன் லோடை இப்போதைக்கு எடுக்கவில்லை என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன். டிரைவர் பயிற்சி முடிந்து, பாடித் தளத்துக்கும் வழி செய்துவிட்டுத்தான் எடுப்பேன். மரத்தளம்தான் இருக்கிறது.

சங்ககிரி அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். போகும்போது பனியன், வரும்போது பெராக்சைடு என்றால் அந்தப் பலகையை நிரந்தரமாகப் பாடியில் எழுதிவிடலாமா? பனியன் ஏற்றும்போது அது இருந்தால் என்ன தப்பு?

சங்ககிரி_லெட்டரிங்:

தப்புத்தான் தம்பி. பனியன் வண்டி தீப்பிடித்தால் வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் தூரமாகவே நின்றுவிடுவார்கள். தார்ப்பாயை அவிழ்த்து அணைத்திருக்க வேண்டிய நெருப்பு முழுசாக எரிந்து போகும். இன்னொரு பக்கம், எப்போதும் மாட்டியே இருக்கிற பலகையை யாரும் நம்பவும் மாட்டார்கள். சரக்கு இருந்தால் பலகை, இறக்கியதும் பலகையைக் கழற்று. இதுதான் முறை. காலிக் கேன் திரும்ப ஏற்றினால், கழுவாத கேனாக இருக்கிற வரைக்கும் பலகை இருக்கட்டும். அடியில் மிச்சம் இருக்கும்.

நான் செய்து கொடுக்கிற மாதிரியைச் சொல்கிறேன், உங்கள் பக்கத்துப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். பாடியின் இரண்டு பக்கமும், பின்கதவிலும் அலுமினியச் சேனலில் மூன்று பக்கம் மூடிய சட்டம் அடியுங்கள். மேல்பக்கம் திறந்திருக்கும். தகட்டில் எழுதிய பலகையை மேலிருந்து இறக்கி, ஓட்டத்தில் குதித்து வெளியே வராமல் ஒரு பட்டாம்பூச்சி நட்டு. பெராக்சைடுக்கு ஒரு செட், காஸ்டிக்குக்கு ஒரு செட், அசிட்டிக்குக்கு ஒரு செட், தனித்தனியாக. ஒரே தகட்டில் மூன்றையும் எழுதிவிட்டு ஒன்றுக்கு மட்டும் டிக் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம். காந்தப் பலகையும் வேண்டாம். அலுமினியப் பாடியில் ஒட்டாது, தகரப் பாடியில் ஒட்டினாலும் காற்றுக்கு எங்காவது விழுந்துவிடும்.

இதற்கு வினைல் நல்ல சரக்காக வாங்குங்கள். சாதா ஸ்டிக்கரின் மஞ்சள் ஒரு கோடையிலேயே வெளுத்து வெள்ளையாகிவிடும். 5.1-க்கு அந்த மஞ்சள்தான் அடையாளம். சரக்கு அனுப்புகிறவர் மாறினால் போன் எண்ணும் மாறும், அதனால் அந்த வரியை மட்டும் தனித் துண்டாக ஒட்டுங்கள். ஏற்றுகிற இடத்திலேயே அந்த எண்ணுக்கு ஒரு தடவை போன் போட்டு, யார் எடுக்கிறார்கள், ராத்திரி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

சட்டத்தின் உயரத்தைத் தார்ப்பாய் கட்டிய பிறகு அளந்து முடிவு செய்யுங்கள். வாளையார் தம்பி சொன்னது சரி, காலி வண்டியில் அளந்தால் சரியாகத்தான் தெரியும், தார்ப்பாய் கட்டியதும் பாதி மறைந்துவிடும். கொக்கிக்குக் கீழே, சக்கர மட்கார்டுக்கு மேலே கிடைக்கிற இடம்தான் உங்களுக்கு. 14 அடிப் பாடியில் அது தாராளமாகவே இருக்கும்.